டை அண்ணையின் புதன்கிழமை

வெள்ளவத்தையில் டை கட்டிக்கொண்டு பாண் வாங்கிய மனிதர் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று சொல்லுவேன். மறுப்பவர்கள் ஆளைக் கூட்டிவந்து காட்டட்டும். காலையில் பாட்டுப் போட்டபடி, பேக்கரி வாசத்தோடு பாண்கார ஆட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் நுழையும். சாரமும் பெனியனும் கலைந்த தலையுமாக நாங்கள் போய் நிற்போம். எங்கள் நடுவில் டை அண்ணை நிற்பார். நீளக்கைச் சேர்ட், கழுத்தில் கடுஞ்சிவப்பு டை, அதில் சின்னச் சின்ன மஞ்சள் யானைகள். காலில் மட்டும் பாத்ரூம் செருப்பு.

"இன்டர்வியூ எகக்த மாத்தயா?" என்று பாண்காரர் சிங்களத்தில் கேட்பார். ஏதும் நேர்முகமோ ஐயா என்று.

"நே மல்லி, பான் தெகக்" என்பார் அண்ணை. இல்லைத் தம்பி, பாண் இரண்டு என்று. இரண்டு பாணையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டை காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்தபடி திரும்பி நடப்பார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, களனிப் பக்கம் ஒரு கம்பஸில் படித்த காலம் அது. அதிக காலம் ஆகிவிடவில்லை. எங்கள் போர்டிங்கில் அண்ணைதான் மூத்தவர். ஏதோ ஒரு கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். நான் வருமுன்னும் படித்தார், நான் போனபின்னும் படித்தார். கடற்கரைக்குப் போனாலும் டைதான். அலை வந்தால் டையை மட்டும் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். காற்சட்டை முழங்கால்வரை நனையும், அதைப்பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

ஒழுங்கைக்காரர் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். டை கட்டுகிற தமிழ்ப் பெடியன் ஒன்றில் வங்கியில் வேலை செய்ய வேண்டும், அல்லது விசாவுக்கு அலைய வேண்டும். அண்ணைக்கு வங்கியில் வேலை இல்லை. ஆகவே விசா. போர்டிங் அன்ரி கனடா என்றார். முக்குக் கடை முதலாளி அவுஸ்திரேலியா என்றார். உடுப்பு அயர்ன் பண்ணுகிறவர், யானைகளைப் பார்த்துவிட்டு, தாய்லாந்து என்றார். எந்த எம்பசி ஒருவரை ஒவ்வொரு நாளும் கூப்பிடும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், இன்னும் ஏன் பிள்ளை இல்லை என்று கேட்பார்கள். விசா விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். கைக்கு வருமுன் கதைத்தால் கண்ணூறு பட்டுவிடும்.

அண்ணைக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. பின்னேரங்களில் அறை அறையாக வந்து கதவைத் தட்டுவார்.

"சாப்பிட்டியோ? நித்திரை கொண்டியோ? ஆரோடையும் கதைச்சியோ?"

காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமலே "ஓம், ஓம், ஓம்" என்போம். தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார். நுளம்புக்குப் புகை அடிக்க வருகிறவர்களுக்கும் அவருக்கும் எங்களிடம் ஒரே மரியாதைதான்.

இரண்டாம் வருடத்தில் எனக்கு என்னவோ நடந்தது. என்ன என்று இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை. காதல் தோல்வி இல்லை. தோற்பதற்குக் காதலே இருக்கவில்லை. நித்திரை வரவில்லை, வந்தால் எழும்ப மனமில்லை. பஸ் ஏறுவேன், கம்பஸ் வாசலைக் காணும்போது கால் எழும்பாது, கடைசித் தரிப்புவரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். கண்டக்டர் என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார். என்னைக் கண்டதும் எல்லோருக்கும் ஒழுங்காக டிக்கெட் கிழித்துக் கொடுக்கத் தொடங்கினார். லெக்சருக்கு வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று கம்பஸில் சொல்லிவிட்டார்கள். அம்மா போன் எடுத்தால் "எல்லாம் நல்லம் அம்மா" என்பேன். உண்மையில், விடியாமலே இருந்தால் நல்லது என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். அந்த நினைப்புத்தான் என்னை மிகவும் பயப்படுத்தியது.

அன்றும் அண்ணை கதவைத் தட்டினார். முதல் இரண்டுக்கும் "ஓம்" சொன்னேன். மூன்றாவது "ஓம்" வாயில் வரவில்லை.

"இல்லை அண்ணை."

உள்ளே வந்து கட்டிலில் இருந்தார். "எவ்வளவு நாளா?"

"தெரியாது."

"என்ன செய்யுது?"

"அதுவும் தெரியாது அண்ணை. ஒண்டும் விளங்கேல்லை."

"எனக்கும் விளங்கேல்லை. அப்ப, விளங்கிற ஆளிட்டைப் போவம். புதன்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வா. அங்கை ஒரு மிஸ் இருக்கிறா. கதைக்கலாம்."

"விசர், பைத்தியம் எண்டு பாக்கிற இடமோ?"

"கதைக்கிற இடமடா."

"ஆரும் கண்டால் ஊருக்குப் போயிடும் அண்ணை. தங்கச்சிக்குச் சம்பந்தம் வராது."

அண்ணை தன் கழுத்திலிருந்த டையைத் தளர்த்திக் கழற்றி, என் கழுத்தில் மாட்டி இழுத்தார். "புதன்கிழமை இதைக் கட்டிக்கொண்டு வா. ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புதன்கிழமை கேற்றடியில் அன்ரி நின்றார். என் டையைக் கண்டதும் அவர் கண்கள் விரிந்தன. "தம்பி, எந்த…"

"அன்ரி, இன்னும் ஒண்டும் சரிவரேல்லை" என்றார் அண்ணை.

"ஐயோ, நான் ஒண்டும் கேக்கேல்லை!" என்று உள்ளே ஓடிப்போய்த் திருநீறு கொண்டுவந்து எனக்குப் பூசிவிட்டார். பிறகு அண்ணையின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "கவலைப்படாதையுங்கோ தம்பி. திரும்பவும் போடலாம்" என்றார். முக்குக் கடை முதலாளி அவருக்குச் சும்மா ஒரு பிளேன்ரீ கொடுத்து, "அந்த நாட்டுக்குத்தான் நட்டம்" என்றார். அண்ணையும் சோகமாகத் தலையாட்டிக்கொண்டு குடித்தார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிக்கட்டடம். கீழே பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்ரூடியோ, மேலே மிஸ். "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று அவர் ஒரு கேள்விதான் கேட்டார். நான் அழத் தொடங்கினேன். என்ன கதைத்தேன் என்று முழுதாக நினைவில்லை. யானைகளால் மூக்கைத் துடைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

வெளியே வந்தேன். "அடுத்தது நீங்கள்தானே?" என்று மிஸ் கேட்டார். யாரை என்று திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் போட்டிருந்த மர வாங்கிலிருந்து எழும்பிய அண்ணை, சேர்ட்டின் மேல் பட்டனைப் பூட்டிக்கொண்டு, உள்ளே போனார்.

நான் வாங்கில் வாய் பிளந்தபடி இருந்தேன். அவர் திரும்பி வந்ததும் இறங்கினோம். படியடியில் அன்ரியின் தங்கச்சி நின்றார்!

"படம் எடுத்தாச்சோ?" என்றவர் என் சிவந்த கண்களைப் பார்த்தார். "சிரிக்கக்கூடாது எண்டுதானே சொல்லுறவை. இப்ப அழவும் வேணுமாமோ?"

"புதுச் சட்டம்" என்றார் அண்ணை.

திரும்புகிற பஸ்ஸில்தான் கேட்டேன். "அண்ணை, நீங்களும் புதன்கிழமையோ?"

"கன காலமா."

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் டை?"

என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "புதன்கிழமை மட்டும் கட்டினால் கண்டுபிடிச்சிடுவினம் எல்லோ!"

அதன்பின் நானும் புதன்கிழமைக்காரன். மிஸ் ஒரு டொக்டரிடமும் அனுப்பினார். ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஒருநாள் களனியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கண்டக்டருக்கும் நிம்மதி.

செய்தி மட்டும் எனக்கு முன்னே யாழ்ப்பாணம் போய்விட்டது. அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, கனடாவோ? ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பயப்படாதை. கொண்டுபோக மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிருக்கிறன். நல்லூரானுக்கு அருச்சனையும் நேந்திட்டன்."

மிளகாய்த்தூள் என்றதும் என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, நான் விசாவுக்குப் போகேல்லை. ஒரு மிஸ்ஸோடை கதைக்கப் போறனான்."

அம்மாவின் குரல் தாழ்ந்தது. "எந்த ஊர்ப் பிள்ளை?"

"ஐயோ அம்மா, அது இல்லை. எனக்குக் கொஞ்ச நாளா ஏலாமல் இருந்தது. நித்திரை இல்லை. எழும்ப மனமில்லை. ஏனெண்டு தெரியேல்லை. அதுக்குத்தான் கதைக்கப் போறனான்."

நான் தங்கச்சியை நினைத்தேன், ஊரை நினைத்தேன், போனை வைத்துவிடலாமா என்றும் நினைத்தேன்.

"இப்ப நித்திரை வருதோ அப்பன்?"

"கொஞ்சம் வருது அம்மா."

"சரி. அந்த அருச்சனையை இதுக்கு மாத்திவிடுறன். மிளகாய்த்தூளை பஸ்ஸிலை போட்டுவிடுறன், அந்த மிஸ்ஸுக்கும் கொஞ்சம் குடு." ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. "ஊருக்கு, இன்னும் ஒண்டும் சரிவரேல்லை எண்டு சொல்லுறன்."

பரீட்சை எழுதினேன். எனக்கென்று ஒரு நீல டை வாங்கிக்கொண்டு, யானை டையைத் தோய்த்து அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் மறுபடியும் டையுடன் பாண் வாங்கினார். அவருக்கு மீண்டும் நம்பிக்கை வந்துவிட்டது என்று ஒழுங்கையே மகிழ்ந்தது.

போன மாதம் ஒரு வேலையாக வெள்ளவத்தைப் பக்கம் போனேன். காலி வீதியில், பஸ் தரிப்பிடத்தில், முன்பின் தெரியாத பெடியன் ஒருவன் தலையைக் குனிந்தபடி நின்றான். கழுத்தில் கடுஞ்சிவப்பு டை, சின்னச் சின்ன மஞ்சள் யானைகள். பக்கத்தில் அண்ணை, வெறுங்கழுத்துடன். கொஞ்சம் நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணால் சிரித்தார்.

அன்று புதன்கிழமை. ஓடிப்போய் அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பேசாமல் தலையாட்டிவிட்டு நடந்தேன், கண்ணூறு பட்டுவிடக்கூடாது.