புதுக் கத்தியில் ஏழு புள்ளி

"புள்ளி இருக்கு," என்றார் பெள்ளியப்பா.

"எதுல?" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி போஜம்மா கேட்டாள்.

"கத்தியில. பிடிக்குப் பக்கத்துல. வரிசையா."

போஜம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். எண்ணெய்த் துணியிலிருந்து அப்போதுதான் பிரித்திருந்த ஒடிக்கத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் வாளைமீன் போல மின்னியது. அகலமான, வளைந்த அலகு. அதன் முதுகோரம், பிடிக்கு நாலு விரல் தள்ளி, மிளகு அழுந்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள்.

"ஏழு இருக்கு," என்றாள் அவள்.

"எண்ணச் சொன்னேனா?"

"கண்ணுல பட்டது, எண்ணினேன். அதனால என்ன? வெட்டறது இந்தப் பக்கம்தானே?"

பெள்ளியப்பாவுக்கு எரிச்சல் வந்தது. வெட்டுவதா இப்போது பிரச்சினை? இன்னும் நாலு நாளில் மகன் நாச்சப்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஆண் ஒருவன் சபைக்கு நடுவில் நின்று, நட்டுவைத்த மூன்று வாழைத் தண்டுகளை ஒடிக்கத்தியால் தண்டுக்கு ஒரே வீச்சாகச் சாய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெண் வீட்டார் உள்ளே விடுவார்கள். அந்தக் கத்திக்கு உறை கிடையாது. இடுப்புக்குப் பின்னால் வெறுமனே தொங்கும். ஊரே பார்க்கும். முக்கியமாக, முன்வரிசையில் உட்கார்ந்து அண்ணன் பூவய்யா பார்ப்பார்.

பத்து வருஷம் முன்னால் சொத்துப் பிரித்தபோது, எல்லையில் நின்ற ஒரு பலாமரம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. மரம் அடுத்த மழைக்கே விழுந்துவிட்டது. சண்டை விழவில்லை. "இனிமே உங்க கையால குடுத்தா பச்சைத்தண்ணிகூட வாங்க மாட்டேன்!" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பெள்ளியப்பா சொன்னது சொன்னதுதான்.

அவர்கள் குடும்பத்துப் பையன்கள் கல்யாணத்துக்கெல்லாம் ஒரே ஒடிக்கத்திதான். அது மூதாதையர் வீட்டுச் சாமி அறையில், விளக்குப் புகை படிந்து கரிக்கட்டை மாதிரி தொங்கும். மூத்தவரைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. அந்த வீடு இப்போது அண்ணன் வசம். வாயால் கேட்க மனமில்லாமல், பெள்ளியப்பா போஜம்மாவை அனுப்பிப் பார்த்தார்.

"என் கைத்தண்ணியே வேண்டாம்னவனுக்கு என் கைக் கத்தி எதுக்கு?" என்றாராம் பூவய்யா. "கொல்லன் அப்பச்சு பட்டறையில புதுசு கிடைக்கும். போய் வாங்கிக்கச் சொல்லு."

பெள்ளியப்பா அன்று சாயங்காலமே போய் வாங்கினார். அண்ணனுடைய கரிக்கட்டையைவிட நூறு மடங்கு பளபளக்கும் கத்தியை அவர் முகத்துக்கு நேராக வீச வேண்டும் என்பது திட்டம். அதில் போய்ப் புள்ளி!

அப்பச்சுவுக்குப் போன் போட்டார்.

"அது பழுது இல்லை தொரை," என்றான் அப்பச்சு.

"பழுது இல்லாம? கொசு கடிச்சுதா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுல கை வைக்காதீங்க."

"வேற கத்தி குடு."

"வேற அடிக்க ஒரு மாசம் ஆகும். தொரை, சொன்னாக் கேளுங்க. அப்படியே விட்டுடுங்க."

"காசை வாங்கிப் போட்டுக்கிட்டதும் எல்லா வியாபாரியும் பேசற பேச்சுதான் இது," என்று போனை வைத்தார்.

"அவன்தான் விட்டுடுங்கன்னு சொல்றானே," என்றாள் போஜம்மா.

"வித்தவன் வேற எப்படிச் சொல்வான்? நீ புளியை எடு."

புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் போஜம்மா அரை மணி நேரம் தேய்த்தாள். கழுவிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் பனி மூடின கண்ணாடி மாதிரி மங்கிப் போயிருந்தது. நடுவில் ஏழு புள்ளிகளும் முன்னைவிட எடுப்பாக நின்றன.

"முன்னாடி தேடினாத்தான் தெரிஞ்சுது," என்றாள் போஜம்மா. "இப்போ தேடவே வேண்டாம்."

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து சுபேதார் மாதப்பா வந்தார். ஓய்வு பெற்று இருபது வருஷமானாலும் உடுப்புக் கழற்றாத மனசு. கத்தியை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பெள்ளி, யார்யா இதைப் புளி போட்டுத் தேய்ச்சது? இது என்ன, பித்தளைச் சொம்பா?"

"என் வீட்டுக்காரிதான்."

"ஆமா," என்றாள் போஜம்மா. "எனக்குப் புளின்னா ஆசை. நானா எடுத்துத் தேய்ச்சேன்."

"விடு தங்கச்சி. இருபத்தெட்டு வருஷம் பட்டன் தேய்ச்ச கை இது. ஒரு உப்புத்தாள் குடு. ஒரு ரம்மும் குடு."

முதல் கிளாஸ் வரைக்கும் சுபேதார் நேராகத்தான் தேய்த்தார். இரண்டாவதுக்குப் பிறகு வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்றாவது முடிந்தபோது அலகு முழுக்கக் கோழி கிளறின முற்றம் மாதிரி கீறல். புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.

"ஆழமா இருக்குய்யா," என்றார் சுபேதார், ஏதோ எதிரியைப் பாராட்டுகிற மாதிரி. "எவனோ வேணும்னே அடிச்ச மாதிரி இருக்கு."

"எவன் அடிப்பான்? மட்ட இரும்பு!"

"இதுக்கு மிஷின்தான் சரி. கோணிக்கொப்பல்ல ஹம்சா இருக்கான் பாரு, அவன்கிட்டப் போ."

ஹம்சா காபிப் பழம் உரிக்கும் மிஷின்களைப் பழுது பார்ப்பவன். எந்த இரும்பும் அவனுக்கு ஒன்றுதான். பெள்ளியப்பா கத்தியை நீட்டிப் புள்ளியை எடுக்கச் சொன்னதும், என்ன கத்தி என்றுகூடக் கேட்காமல் சாணைச் சக்கரத்தில் வைத்தான். தீப்பொறி கூரை வரைக்கும் போனது.

"பாருங்க, புள்ளி போச்சு."

போயிருந்தது. புள்ளி இருந்த இடத்தில் இப்போது கரண்டிக் குழி மாதிரி ஒரு பள்ளம்.

"டேய், என்னடா இது?"

"புள்ளியை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். பள்ளத்தை எடுக்கணும்னா முழுசாத் தேய்க்கணும்."

"தேய்."

தேய்த்தான். பள்ளம் மறைந்தது. கத்தி எடையில் பாதியாகி, கூர் ஓரம் முழுக்க நீலமும் ஊதாவுமாக நிறம் ஏறியிருந்தது.

"இதென்ன நிறம்?"

"மயில் கழுத்து. கல்யாணத்துக்கு ராசிதானே?"

"ஹம்சா, உன்னை..."

"கோபப்படாதீங்கண்ணே. இரும்பு கொஞ்சம் சூடாயிடுச்சு, அவ்வளவுதான். அதோ, கேட்டுக்கு அடிக்கிற வெள்ளி பெயிண்ட் இருக்கு. ஒரு கோட் அடிச்சா வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கும்."

ஒரு கோட் போதவில்லை. மூன்று கோட் அடித்தான்.

பெள்ளியப்பா கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, போஜம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இப்போ புள்ளி இல்லை," என்றார் அவர்.

"இப்போ கத்தியும் இல்லை," என்றாள் அவள்.

கல்யாணத்தன்று வானம் தெளிவாக இருந்தது. பெள்ளியப்பா கறுப்புக் குப்பியா அங்கி போட்டு, சிவப்புப் பட்டுக் கச்சை கட்டி, பின்னால் வெள்ளியாய் மின்னும் கத்தியைத் தொங்கவிட்டு நடந்தார். மேளம் முழங்கியது. பூவய்யா முன்வரிசையில் ஊன்றுகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. பெரியப்பா என்ற முறைக்கு வந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'பார், நல்லாப் பார்,' என்று பெள்ளியப்பா மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் தண்டில் வீசினார். சாய்ந்தது. பெண் வீட்டார் குனிந்து பார்த்தார்கள். வெட்டின முகம் முழுக்க வெள்ளிப் பூச்சு.

"மாமா, வெட்ட வந்தீங்களா, பெயிண்ட் அடிக்க வந்தீங்களா?" என்று ஒருத்தி கூவினாள். கூட்டம் சிரித்தது. இதெல்லாம் கல்யாணக் கேலிதான் என்று அவரும் சிரித்து வைத்தார்.

இரண்டாவது தண்டு முக்கால்வாசி அறுந்து, நாரில் தொங்கியது. காலால் ஒரு தட்டுத் தட்டினார். விழுந்தது.

"கால்ல வெட்டறதுக்குக் கத்தி எதுக்கு?" என்றது இன்னொரு குரல்.

மூன்றாவது தண்டில் முழு பலத்தோடு வீசினார். கத்தி பாதியில் நின்றது. இழுத்தார். வரவில்லை. மேளக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தட்டினார்கள். மாப்பிள்ளை நாச்சப்பாவே வந்து தண்டைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாகக் கத்தி வெளியே வந்தது. கூர் ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. அதற்குப் பிறகு நாலு வெட்டு. ஐந்தாவதில்தான் தண்டு சாய்ந்தது.

"அது வாழை மாமா! தேக்குன்னு நினைச்சுட்டீங்களா?"

சிரிப்பு அடங்க நேரமானது. பெள்ளியப்பாவின் காது மடல் எரிந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார். ஊரே சிரிக்கும்போது பூவய்யா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிச் சபை நடுவில் வந்தார். தம்பி கையிலிருந்த கத்தியை வாங்கினார். திருப்பினார். பிடிக்கு நாலு விரல் தள்ளி, முதுகோரத்தில், கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளிப் பூச்சு ஒட்டியது.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?" என்றார். பத்து வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

அதை எல்லார் முன்னாலும் கேட்டதுதான் பெள்ளியப்பாவுக்குத் தாங்கவில்லை.

"என் கத்தி. என் காசு. நான் தேய்ப்பேன், உடைப்பேன், அடுப்புல போடுவேன். உங்களுக்கென்ன? உங்க துருப்பிடிச்ச கத்தியை வச்சுக்கிட்டு நீங்க பூஜை பண்ணுங்க. நான் வந்து கேட்டேனா?"

"கேட்கலை," என்றார் பூவய்யா.

கத்தியைத் தம்பியின் கையில் திரும்ப வைத்தார். நாச்சப்பாவின் தலையில் அரிசி தூவி வாழ்த்தினார். பன்றிக்கறியும் கடம்புட்டும் மணக்கும் பந்திப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"பார்த்தியா, வயித்தெரிச்சல்," என்றார் பெள்ளியப்பா. "சாப்பிடக்கூட உட்காரலை."

"அவர் கண்ணு கலங்கியிருந்துச்சுங்க," என்றாள் போஜம்மா.

"சந்தோஷத்துல. தம்பி அவமானப்பட்டான்ல? அவருக்கு இன்னிக்குத்தான் தீபாவளி."

பந்தி முடிகிற நேரத்தில் அப்பச்சு வந்தான். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் சின்னத் துணி மூட்டை. அவனைக் கண்டதும் பெள்ளியப்பா பாய்ந்தார்.

"வாடா! மட்ட இரும்பை என் தலையில கட்டிட்டு, விருந்துக்கு வேற வந்துட்டியா?"

"சாப்பாடு அப்புறம் ஆகட்டும் தொரை. முதல்ல கத்தியைக் குடுங்க," என்று அப்பச்சு தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தான். உள்ளே ஒரு சிறு சுத்தியலும் கூரான உளியும் இருந்தன.

"திருப்பி எடுத்துக்கறியா? எடுத்துக்கோ, யாருக்கு வேணும்?" என்று கத்தியை அவன் மடியில் போட்டார்.

அப்பச்சு அதைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மேல் துண்டால் பெயிண்டைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான்.

"தொரை, புள்ளியெல்லாம் எங்கே?"

"எடுத்துட்டேன். நாலு நாள் என் உயிரை வாங்கிச்சு அந்தப் பழுது. இப்போ ஒண்ணு பாக்கியில்லை."

அப்பச்சு உளியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எட்டாவது புள்ளி வைக்க வந்தேன் தொரை. உங்க தாத்தா கல்யாணத்துலேருந்து, இந்த வீட்டுல ஒரு கல்யாணத்துக்கு ஒரு புள்ளி நாங்கதான் வைக்கிறோம், ஏழாவது உங்களோடது. 'நான் குடுத்தா அவன் வாங்க மாட்டான், கரியைத் தேய்ச்சுப் புதுசுன்னு சொல்லி நீ குடு'ன்னு பெரியவர்தானே சாமி அறையிலேருந்து இறக்கிக் கொண்டாந்தாரு?"