கிரீஸ் பாட்டில் எது?

பக்கெட்டில் மூன்று லேபிள்கள் மிதந்துகொண்டிருந்தன. அடியில் மூன்று பாட்டில்கள் மொட்டையாக நின்றன.

எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றையுமே ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் சில்லென்று இருக்கும் என்பது வரைதான் மணவாளன் யோசித்திருந்தான். லேபிளின் பசையைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆரணியில் மாணிக்கவேலின் பட்டு ஏற்றுமதி நிறுவனத்தில் அவன் மேனேஜர். மதியம் கிரீஸ் நாட்டிலிருந்து ஸ்டாவ்ரோஸ் என்பவர் பட்டுச் சால்வைகளுக்கு ஆர்டர் கொடுக்க வருகிறார். கிடைத்தால் நாற்பது தறிகளுக்கு ஆறு மாத வேலை. கிடைக்காவிட்டால் அதில் பாதி, வருகிற மாதமே நின்றுவிடும்.

சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு அவர் ஊர் மதுவையே கொடுத்து அசத்துவது முதலாளியின் ஏற்பாடு. முன்பு வந்துபோன வெளிநாட்டுக்காரர்கள் குடித்தது போக விட்டுச் சென்ற பாட்டில்கள் அலமாரியில் இருந்தன. கிரீஸின் ஊசோ, துருக்கியின் ராக்கி, லெபனானின் அரக். மூன்றும் தண்ணீர் நிறம். மூன்றிலும் சோம்பு வாசனை.

"கிரீஸ் பாட்டிலை மட்டும் வைய்யி," என்று காலையிலேயே சொல்லியிருந்தார் மாணிக்கவேல். "துருக்கி சரக்கை ஊத்தி அவரு மூஞ்சி சுருங்கிச்சின்னா, நாப்பது தறிக்காரங்களுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

இப்போது வாசலிலிருந்து அவர் குரல் வந்தது. "டிரைவர் சிவகுமார் போன் பண்ணான். வேலூர் தாண்டிட்டாங்களாம். ஜல்தியா ஆவட்டும்."

மணவாளன் செல்போனில் தேடினான். ஊசோவில் தண்ணீர் விட்டால் பால் போல வெளுக்கும் என்று போட்டிருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. மூன்று கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் விட்டான்.

மூன்றும் வெளுத்தன.

அந்த நேரம் பார்த்து மாணிக்கவேல் உள்ளே வந்தார். "இன்னாது, பாலா?"

"மோருங்க."

"ஒண்ணு இப்டி குடு. நாக்கு வறண்டு போச்சு."

முதலாளி பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாதவர். மணவாளனும் அப்படித்தான்.

"புளிச்சிடுச்சிங்க."

"புளிச்ச மோரை எதுக்கு மூணு டம்ளர்ல ஊத்தி வெச்சிகினு இருக்கே?"

"எனக்கு வயிறு சரியில்லைங்க. புளிச்ச மோர் கேக்கும்னு சொன்னாங்க."

"அப்ப குடி. அவரு வர்ற நேரத்துல நீ படுத்துக்காதே."

அவர் நகரவில்லை. மணவாளன் ஒவ்வொன்றாக மூன்றையும் குடித்தான். தொண்டையிலிருந்து வயிறு வரை நெருப்புக் கோடு இழுத்தது. கண்ணில் நீர் கட்டியது.

"சோம்பு வாசனை அடிக்குதே," என்றார் மாணிக்கவேல்.

"பின்னாடி பிரியாணி வேவுதுங்க."

பிரியாணி என்று வாய் சொன்ன பிறகுதான் மூளைக்கு வழி தெரிந்தது. முதலாளி போனதும் கொல்லைப்புறம் ஓடி, பிரியாணி மாஸ்டர் தீனாவைக் கையோடு இழுத்து வந்தான். மசாலாவை மோந்தே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்கிற மூக்கு அது.

தீனா மூன்று பாட்டில்களையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்தான்.

"இது வெறும் சோம்பு. இதுல ஏலக்காய் இருக்குது. மூணாவதுல அன்னாசிப்பூ போட்டிருக்கான்."

மணவாளன் மறுபடி செல்போனைப் பார்த்தான். ஊசோவில் அன்னாசிப்பூவும் சேர்ப்பதுண்டு. "அப்ப மூணாவதுதான் கிரீஸ்."

"இருங்க, நாக்குல வெச்சிப் பாத்துடறேன்." தீனா மூன்றிலும் ஒரு மூடி குடித்தான். முகம் மாறியது. "ரெண்டாவதுலதாங்க அன்னாசிப்பூ."

"மூணாவதுன்னு சொன்னியே?"

"மூக்கு அப்படி சொல்லிச்சி. நாக்கு இப்படி சொல்லுது."

மணவாளனும் ருசி பார்த்தான். அவனுக்கும் இப்போது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. முதலாவது காரம். இரண்டாவது இனிப்பு. மூன்றாவது ஓம வாட்டர். இன்னொரு முறை பார்த்தபோது முதலாவது இனித்தது. இருவரும் ஆளுக்கொரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு குரலை உயர்த்தும்போது, வெளியே முதலாளி, "கண்ணமங்கலம் தாண்டியாச்சு," என்றார்.

கடைசியில் மூக்கை விட நாக்கே பெரிது என்று முடிவானது. பேக்கிங் பிரிவின் கலையரசி பசை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது பாட்டிலில் கிரீஸ் லேபிளைச் சற்றுக் கோணலாக ஒட்டி, மற்ற இரண்டையும் குத்துமதிப்பாக முடித்து அலமாரியில் வைத்தான் மணவாளன்.

ஸ்டாவ்ரோஸ் வந்தார். அறுபது வயது, நரைத்த மீசை. பாட்டிலைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. ஊற்றினார். தண்ணீர் விட்டார். வெளுத்தது. ஒரு வாய் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

டம்ளரையே உற்றுப் பார்த்தார்.

மணவாளனின் கண்முன் நாற்பது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மாணிக்கவேல் அவனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

ஸ்டாவ்ரோஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "என் அப்பாவோட தீவு ஞாபகம் வந்துடுச்சு. இந்த ருசி அந்த மண்ணுக்கு மட்டும்தான் உண்டு."

மாணிக்கவேல் மூச்சு விட்டார். ஆனால் வந்தவரின் பார்வை அலமாரிக்குப் போய்விட்டது. அந்த இரண்டையும் எடுக்கச் சொன்னார். லேபிள் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அவர் லெபனான் லேபிளை ருசித்தார். துருக்கி லேபிளை ருசித்தார். தலையை ஆட்டினார்.

"குறை சொல்ல முடியாது. ஆனா இதுங்கள்ல அந்த உயிர் இல்லை." தன் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

கார் கிளம்பியது. முதலாளி முதல்முறையாக மணவாளனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். தீனா வாசற்படியில் நின்று, "நாக்குன்னா இது நாக்கு," என்று தன்னையே பாராட்டிக்கொண்டிருந்தான்.

டம்ளர்களை எடுக்க வந்த கலையரசி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மணவாளனிடம் குனிந்து சொன்னாள்:

"அண்ணா, மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. போன மாசம் அலமாரி தொடைக்கறப்ப ரெண்டு பாட்டிலைக் கவுத்துக் கொட்டிட்டேன், பேஜாராயிடுமேன்னு அந்தத் துருக்கி பாட்டில்ல இருந்ததைத்தான் மூணுலயும் பங்கு போட்டு ஊத்தி வெச்சேன்."