எவன்தொட்டான் சாரும் புதுக் கர்னலும்

எவன்தொட்டான் சார் நம்பாத விஷயங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது, தீபாவளி மலர்தான் வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நம்பமாட்டார், கைபேசியில் மணி பார்ப்பார். அதையும் நம்பாமல் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். அவர் மணி சொன்னதும், “நீங்க எதப் பாத்து சொல்றீங்க?” என்பார். ஒருமுறை கிரிவலம் முடித்து வந்தவர், நடுவில் எங்கோ குறுக்கு வழியில் புகுந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து பதினான்கு கிலோமீட்டரையும் நடந்தார். கூட வந்த மனைவி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகும் வழியில், ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கடையில் நான் அப்போது டைப்பிஸ்ட். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், எப்போதாவது கடை மூடும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் முதலாளி, நான். அவ்வளவுதான் கடை. அந்த வரிசையில் எந்தக் கடையில் கணினி படுத்தாலும் சாரைத்தான் கூப்பிடுவோம். என்ன கோளாறு என்று கேட்கமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “எவன் தொட்டான்?” என்பார். அவருடைய நிஜப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

எங்கள் கணினியின் பெட்டியில் ஒவ்வொரு திருகாணி மீதும் நகப்பூச்சு வைத்திருந்தார். யாராவது திருகினால் தெரிந்துவிடுமாம். கடைக்கு வைஃபை போடவே விடவில்லை. “போட்டா பக்கத்து ஜெராக்ஸ்காரன் செவுத்து வழியாவே உறிஞ்சிடுவான்” என்பது அவர் கட்சி. அதனால் மோடமிலிருந்து கணினிக்கு ஒரே ஒரு கேபிள். ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி, கேபிள் செருகும் இடம் கருகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கேபிள் செருக, சார் எங்கிருந்தோ ஒரு லேன் கார்டு வாங்கி வந்து மாட்டினார். அந்தக் கார்டைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் எங்கும் கிடைக்காமல், இரண்டு நாள் உட்கார்ந்து தானே தயார் செய்தார். போகும்போது முதலாளி முன்னிலையில் ஒரு சட்டம் போட்டார்: அப்டேட் என்று என்ன வந்தாலும் யாரும் தொடக்கூடாது. தொட்டவனுக்கு மறுநாள் வேலை கிடையாது என்று முதலாளியும் சேர்த்துக்கொண்டார்.

நான் தொட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கணினிக்குள் இருந்துகொண்டு எல்லா உறுப்புகளையும் வேலை வாங்கும் மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். புதிய கர்னல் தயார், போடட்டுமா என்று அந்தக் கணினி ஒரு வாரமாக என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாயந்திரம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், சனியன் ஒழியட்டும் என்று ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டேன். அது வேலையை முடித்ததும் கணினியை அணைத்து, கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் பௌர்ணமி. கடை திறந்ததும் அமுதா வந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பிக்க அன்றைக்கு மாலை ஐந்தே முக்காலோடு கெடு முடிகிறது. கணினியைப் போட்டேன். எல்லாம் வந்தது, நெட் மட்டும் வரவில்லை. சாருக்குப் போன் போட்டுப் போட்டு, மத்தியானம்தான் லைன் கிடைத்தது.

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் கைபேசியில் பேச முடிந்தாலே பெரிது, நெட் கிடைக்காது. ஊர் கொள்ளாத கூட்டம் வந்து இறங்கியிருக்கும். சிக்னல் கோடு முழுதாக நிற்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. எங்கள் வரிசையில் வேறு எந்தக் கடையிலும் நெட் கிடையாது. இதே வேலை செய்யும் அடுத்த சென்டருக்கு நடந்தே போய்விட்டு வந்த அமுதா, “அங்க வரிசை ரோடு வரைக்கும் நிக்குதுங்க” என்றாள். ஆட்டோ ஓடாததால் சாரும் டவுனிலிருந்து நடந்தே வந்தார். வந்து சேர்ந்தபோது மணி மூன்று.

“எவன் தொட்டான்?”

நான் குனிந்து பிரிண்டரில் காகிதம் அடுக்கினேன். முதலாளியின் முகம் கண்முன் வந்தது.

சார் விசாரணையைத் தொடங்கினார். மோடமில் விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. “இது ஜாஸ்தி ஒழுங்கா எரியுதே” என்று அதையே ஐந்து நிமிடம் முறைத்தார். கேபிளை மாற்றிப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் கேபிளைக் குரங்கு கடித்திருக்கும் என்று மொட்டைமாடிக்கு ஏறினார். இறங்கி வந்தபோது முகம் இன்னும் இறுகியிருந்தது. “ஒரு பல்லு பட்ட தடம்கூட இல்ல. இவ்ளோ நல்லதா குரங்கு எப்பலேர்ந்து ஆச்சு?” என்றார். ஜெராக்ஸ்காரர் வரவழைக்கப்பட்டார்.

“நேத்து இங்க வந்தியா?”

“சில்லறை மாத்த வந்தேன் சார்.”

“சில்லறை மாத்த வந்தவன் எதுக்கு கம்ப்யூட்டர் பக்கம் பாத்த?”

“கம்ப்யூட்டர் பக்கத்துலதான சார் கல்லாப் பொட்டி இருக்குது!”

மணி ஐந்தை நெருங்கியது. அமுதா சான்றிதழ்களை மடியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும்.

“சார், நான்தான் தொட்டேன். நேத்து சாயந்திரம் அப்டேட் கேட்டுச்சு. ஆமான்னு அழுத்திட்டேன்.”

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“உன்ன மெரட்டுனது யாரு?”

“யாரும் மெரட்டல சார்.”

“பயப்படாத. ஜெராக்ஸ்காரனா?”

“சார், நீங்களே உள்ள பாருங்க, நேரம் போட்டிருக்கும்” என்று கெஞ்சினேன். பதிவுகளைத் திறந்து பார்த்தார். புருவம் ஏறியது.

“ஆறே முக்காலுக்குக் கர்னல் மாறியிருக்குது. அப்போ கடையில யாரு இருந்தது?”

“நான் மட்டும்தான் சார்.”

“உன்ன தவிர்த்து?”

“யாருமே இல்ல சார்.”

“யாருமே இல்லாதப்போ எப்டிப்பா மாறும்?”

அமுதா எழுந்து நின்றுவிட்டாள். “எவன் தொட்டா இன்னா சார்! மணி அஞ்சேகால் ஆவுது. இன்னியோட வுட்டா எனக்கு வயசு தாண்டிடும். அடுத்த வாட்டி கேக்கவே முடியாது சார்.”

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். “பழைய கர்னலுக்கு அளவெடுத்துத் தெச்ச டிரைவரு. புதுசுக்குப் பத்தல” என்று முனகிக்கொண்டே கணினியை அணைத்து மறுபடி போட்டு, ஒரு விசையை அழுத்திப் பிடித்தார். திரையில் ஒரு பட்டியல் வந்தது: புதுக் கர்னல், அதற்குக் கீழே பழையது.

“பழசு இன்னும் இருக்குதா சார்?”

“புதுசா ஒருத்தன் வந்தான்னு பழையவன அன்னிக்கே அனுப்பிடுவாங்களா? வந்தவன் எப்டிப்பட்டவன்னு பாக்க வேணாம்?”

பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தார். லேன் கார்டின் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. நான் டைப் செய்த வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அடைந்ததில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டை சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிஜமாகவே போயிருக்கிறதா என்று தளத்தில் மூன்று முறை தேடிப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். அமுதா சீட்டை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு போனாள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது, இப்போது செங்கம் பக்கம் இருக்கிறாள்.

முதலாளி வந்து, நாள் முழுக்க நெட் இல்லை என்று தெரிந்ததும், யார் வேலை இது என்று குதித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். “எவன்னு தெரியல, கண்டுபுடிப்பேன். ஆனா இந்தப் பையன் இல்ல. தப்ப தன்மேல போட்டுக்கப் பாக்குறான், ரொம்ப நல்லவன்.”

நான் சென்னைக்கு வந்து வருடங்களாகிவிட்டன. சார் இன்னமும் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். சந்தேகம் இப்போது அந்த வரிசைக்குத் தபால் கொண்டுவந்த கூரியர்காரன்மேல். “அந்தக் கூரியர்காரன நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். என்னக் கண்டதும் மூஞ்ச திருப்பிக்கிட்டான்” என்றார் போன வாரம். நான்தான் சார் என்று நூறு முறை சொல்லிவிட்டேன். இப்போது அச்சிலும் ஏற்றிவிட்டேன். படித்துவிட்டு, “உன்ன இப்டி எழுத வெச்சது எவன்?” என்றுதான் கேட்கப் போகிறார். ஊரில் ஒருவரையும் நம்பாத மனுஷர் என்னை மட்டும் இப்படி நம்பித் தொலைத்திருக்கிறார்.