பிடி சாரும் மச்சானின் தூண்டில் ராடும்

உலகத்தில் இருக்கிற அத்தனை கைப்பிடிகளும் தப்பு என்று நம்புகிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் பிடி சார்தான். குடை, மண்வெட்டி, ஸ்கூட்டர், தோசைத் திருப்பி, எதுவானாலும் சரி, பொருளைப் பற்றி அவருக்குப் புகாரே கிடையாது. கை படுகிற இடத்தில் மட்டும் கம்பெனிக்காரன் கோட்டை விட்டுவிட்டான் என்பார்.

"யாரு கையை அளவெடுத்துச் செஞ்சான் அவன்? உங்க கையையா, என் கையையா? ஊர்ல இல்லாத ஒரு கைக்குச் செஞ்சு, நம்ம எல்லார் தலையிலயும் கட்டிட்டான் சார்!"

திருவையாறு பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் ஆபீஸில் அவரும் நானும் அடுத்தடுத்த மேஜை. அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோய்விட்டது. அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தால் பேனா இருக்காது. கத்தி, உப்புத்தாள், சைக்கிள் டியூப் துண்டுகள், சணல் எல்லாம் இருக்கும். ஒருநாள் முதலாளியின் ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து மனம் பொறுக்காமல், அதன் குட்டிக் குமிழைப் பிடுங்கிவிட்டு, பழைய கட்டில் காலை அறுத்து அதில் மாட்டிவிட்டார். முதலாளி பெரிய உருவம். அன்று முதல் அவர் ஸ்டாம்பு குத்தினால் மூன்று மேஜைக்கு டீ சிந்தும். ஆனால் முதலாளிக்குப் பரம சந்தோஷம். "இப்பத்தான்யா முதலாளி குத்துற மாதிரி இருக்கு" என்றார்.

என் ஸ்கூட்டரையும் விடவில்லை. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், இடது பக்கப் பிடியில் மட்டும் டியூப் சுற்றிப் பருமனாக்கி வைத்திருக்கிறார். "உங்க இடது கை பெருசு சார். உங்களுக்கே தெரியாது" என்றார். அதோடு என் நிம்மதி போச்சு. எங்கே நின்றாலும் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து அளந்துகொண்டே இருந்தேன். "யாரைக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி செல்வி.

இப்படிப்பட்டவரை என் மச்சான் இருக்கும்போது வீட்டுக்குள் விடலாமா? விட்டுவிட்டேன்.

மச்சான் என்றால் செல்வியின் அண்ணன். வளைகுடாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். மீன் பிடிப்பதில் வெறி. லீவில் வந்தால் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், ஜப்பான் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு குடமுருட்டி ஆற்றுப் பக்கம் போய்விடுவார். பட்டறை மிஷினில் வலது கை சிக்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதோடு ஊருக்கே திரும்பி வந்து எங்கள் மாடியில் குடியிருந்தார். வந்ததிலிருந்து அந்தக் கையை ஒரு துண்டுக்குள் மறைத்தே வைத்திருந்தார். வாசல் தாண்டுவதில்லை. ராடு பீரோ மூலையில் நின்றது. நம்மூர் வெயிலில் அதன் ஸ்பாஞ்சுப் பிடி பிசுபிசுத்து உரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை கொல்லையில் எடுத்து வீசிப் பார்த்தார். ராடு கையிலிருந்து நழுவிக் கிணற்றடியில் போய் விழுந்தது. எடுத்துத் துடைத்து மூலையில் வைத்தவர்தான், பிறகு அதைத் தொடவில்லை. வீட்டில் நாங்கள் யாரும் அந்தக் கையைப் பற்றிப் பேசுவதில்லை. அவரோடு பேசினால் மின்விசிறியைப் பார்த்துத்தான் பேசுவோம்.

"மீன் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கண்ணன் ஒரு நடை ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்தாப் போதுங்க" என்று செல்வி தினமும் என்னிடம் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்வியின் தோசைத் திருப்பிக்குப் புதுப் பிடி போட்டு எடுத்துக்கொண்டு பிடி சார் வந்தார். அடுப்படியில் கொழுக்கட்டைக்கு மாவு கிளறியிருந்தாள். மச்சான் டீ டம்ளரை வாங்க, துண்டு நழுவிக் கீழே விழுந்தது. நாங்கள் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தோம். பிடி சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"அடடா! என்ன கை தம்பி இது!"

லாட்டரி விழுந்தவன் முகத்தில்கூட அவ்வளவு வெளிச்சம் இருக்காது. மச்சான் முன்கோபி. ஆனால் பிடி சார் விடவில்லை.

"இந்தக் கையில முன்னாடி எதை ரொம்பப் பிடிச்சிருப்பீங்க?"

மச்சான் அவரை முறைத்தபடியே, "தூண்டில் ராடு" என்றார்.

"கொண்டாங்க!"

அடுத்த நிமிஷம் பிடி சார் அடுப்படிக்குள் இருந்தார். கொழுக்கட்டை மாவை அள்ளி, சப்பாத்திக் கட்டையில் அப்பி, மச்சான் கையில் திணித்தார். "கெட்டியாப் பிடிங்க! பெரிய விரால் இழுக்குதுன்னு நெனச்சுக்கங்க! இழுக்குது தம்பி, இழுக்குது!" மச்சானும் பிடித்துவிட்டார்! கை பதிந்த அந்த மாவு அச்சைப் பிடி சார் ஜன்னலில் காயவைத்தார். அன்று எங்களுக்குக் கொழுக்கட்டை இல்லை. எறும்புகளுக்குக் கிடைத்தது, கட்டைவிரல் இருந்த இடத்தை முழுசாகச் சாப்பிட்டுவிட்டன.

பிறகு யாரையும் கேட்காமல் பிளேடால் பழைய ஸ்பாஞ்சை நீளவாக்கில் கிழித்தார். "ஐயோ, அது ஜப்பான் ராடு!" என்று மச்சான் கத்தினார். "ஜப்பான்காரன் கை வேற, ஒங்க கை வேற" என்றபடி பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார் இவர்.

நல்ல ராடுகளுக்குத் தக்கைப் பிடி போடுவார்களாம். தக்கைக்கு எங்கே போவது? இங்கேதான் பிடி சாரின் தஞ்சாவூர் மூளை வேலை செய்தது. "நம்மகிட்டதான் நெட்டி இருக்கே!" என்றார். குளத்தில் வளர்கிற நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவதும், பெரிய கோயில் பொம்மை செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பதும் அதில்தான். வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி கனமே இருக்காது. வில்லை வில்லையாக நறுக்கி, நடுவில் துளை போட்டு, ராடின் அடிப்பக்கத்தில் கோத்து, ஒட்டி, மாவு அச்சைப் பார்த்து இழைத்து நிறுத்தினார். தந்தத்தில் செய்தது போல இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். பெட்டியிலேயே வைத்திருக்கலாம்!

மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்திருந்த சமயம். அடுத்த ஞாயிறு காலையில் மதகடிக்குப் போனோம். மச்சான் துண்டோடுதான் வந்தார், ஆனால் வந்தார்! செல்வி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூண்டிலை வீசிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, படாரென்று ஒரு இழுப்பு. நெட்டி நனைந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. ஊறிய அவலாக அது கைக்குள் நசுங்கியது. ராடு சுழன்றது, நழுவியது, தண்ணீருக்குள் போய்விட்டது. பிடி சார் வேட்டி, சட்டை, மூக்குக் கண்ணாடியோடு குதித்தார். ராடோடு வெளியே வந்தார். கண்ணாடி வரவில்லை, மீனும் வரவில்லை.

மச்சான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். "இனிமே இதைப் பத்தி யாரும் எங்கிட்டப் பேசக் கூடாது மாப்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்குப் போய்ச் செல்வி முகத்தில் எப்படி விழிப்பது?

பிடி சாரோ கரையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, நசுங்கிய நெட்டியை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று துள்ளி எழுந்தார்.

"சார்! மாவுல பிடிச்சது பொய்ப் பிடி! இதான் நெஜம்! மீன் இழுக்கிறப்ப மோதிர விரல் இங்க ஏறியிருக்கு பாருங்க. சுண்டு விரல் அடியில கொக்கி போட்டிருக்கு. கை தானாவே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு சார்! நாமதான் கேக்கலை!"

மறுநாள் ஆபீஸுக்கு ராடோடும் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்போடும் வந்தார். நீலமும் வெள்ளையுமாக அடுக்கு வைத்த செருப்பு. அதை வட்ட வட்டமாக வெட்டிக் கோத்து, இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலக்குகிற பசையால் ஒட்டினார். காய்ந்ததும் நெட்டியில் பதிந்திருந்த பள்ளம் மேட்டைப் பார்த்துப் பார்த்து உப்புத்தாளால் தேய்த்தார். ஆபீஸ் முழுக்க நீலத் தூள். முதலாளி தும்மிக்கொண்டே வந்து, "என்னய்யா நடக்குது இங்க?" என்றார். "ஒரு கைக்கு வேலை நடக்குதுங்க" என்றார் இவர், தலை நிமிராமல். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

மச்சானை மாடியிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. இறங்கி வந்தவர் ராடைப் பார்த்து முகம் சுளித்தார்.

"செருப்பையா கையில பிடிக்கச் சொல்றீங்க?"

"யார் காலும் படாத செருப்பு தம்பி. கடையிலேர்ந்து மடியில வச்சுல்ல கொண்டாந்தேன்! பஸ்ஸுல எல்லாரும் என்னையே பாத்தாங்க."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் திரும்பியதிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. சிரித்தபடியே கையை வைத்தார். சிரிப்பு நின்றது. மோதிர விரல் அதன் பள்ளத்தில் உட்கார்ந்தது. சுண்டு விரல் அடியில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் மேட்டில் படிந்தது. ஒரு தடவை ஆட்டினார். இன்னொரு தடவை, வேகமாக. ராடு கைக்குள் நழுவவில்லை. கை அசையாமல் பிடித்திருந்தது.

"மாப்ள, தூண்டில்ல மாட்டக் குட்டித் தவளை இப்பக் கெடைக்குமா?" என்றார்.

கிடைக்குமாவா! நானே வயலில் இறங்கி, சேற்றில் இரண்டு தரம் விழுந்து பிடித்துவந்தேன். அதே மதகடி. வீசினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு சத்தம்! ராடு வில்லாக வளைந்தது. "விடாதீங்க! விட்டுப் பிடிங்க! நூலைக் குடுங்க! குடுக்காதீங்க!" என்று வயலிலிருந்து ஆளுக்கொரு யோசனை. மச்சான் இடது கையால் ரீலைச் சுற்றினார். வலது கை விடவே இல்லை. துண்டு எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. என் கை நீளத்துக்கு ஒரு விரால் கரையில் வந்து துள்ளியது! நான் துள்ளினேன், நடவு வயல் முழுக்கக் கூச்சல். மச்சான் ராடை வலது கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், எல்லோரும் பார்க்க.

எல்லோரும் மீனைப் பார்த்தோம். பிடி சார் மீன் பக்கமே திரும்பவில்லை. மச்சான் அருகில் போய், மெதுவாகக் கேட்டார்.

"கை வலிக்குதா தம்பி?"

இத்தனை மாதத்தில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. மச்சான் ராடை இறக்கினார். "வலிக்குதுங்க சார். தினமும்தான் வலிக்குது. யார்கிட்ட சொல்றது?"

பிடி சார் அவரை வரப்பில் உட்காரவைத்து, அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, இல்லாத விரல்களின் அடியில் மெல்ல நீவிவிட ஆரம்பித்தார். செல்வியிடம் மீனைக் கொடுக்க நான் கிளம்பினேன். வாய்க்கால் திருப்பத்தில் நின்று பார்த்தபோதும் நீவிக்கொண்டுதான் இருந்தார். இந்த மனுஷர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.