சுருங்கிய வீடும் நாற்பத்துநாலு அங்குல இடுப்பும்

எங்கள் தெருவில் வீடுகள் சுருங்க ஆரம்பித்தன.

சிரிக்காதீர்கள். முதலில் சுருங்கியது பேக்கரிக்காரர் வீடு. பதினாறேகால் அடி இருந்த கூடம் ஒரே வாரத்தில் பதினைந்து அடி ஆகிவிட்டது. அடுத்து மருந்துக்கடைக்காரர் வீட்டுப் படுக்கையறை. மூன்றாவதாகக் கணக்கு வாத்தியார் வீடு. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கச் சொல்லிக் கொடுத்த மனிதர், தன் வீட்டு நீளத்தில் முக்கால் அடியைக் காணோம் என்று நடுத்தெருவில் நின்று மூக்கைச் சிந்தினார். வாத்தியாரே அழுதால் விஷயம் பொய்யாக இருக்குமா? அன்று சாயங்காலமே தெருவில் பாதிப் பேர் சொந்த வீட்டுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு முழுக்க ஒரே ஆளுடையது. அவரை 'அளவையார்' என்று கூப்பிட்டார்கள். வெள்ளை அங்கி, தோல் பை, பைக்குள் 'உயிர்நாடா' என்ற பச்சை நிறத் துணி டேப். பேக்கரி மாடியில் தங்கியிருந்தார். விடிந்ததும் வரிசை நிற்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள், பிள்ளை உண்டானவர்கள், மாமியார் கூட வந்து தங்கப்போகிறார் என்ற செய்தியில் முகம் வெளுத்த மருமகள்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: எங்களுக்கு வீடு போதுமா?

அவர் கண்ணை மூடிக்கொண்டு அருளுவார்.

"வீட்டுக்கும் மனசு உண்டு. தாங்குற தலைக்கு மேல ஒரு தலை வந்தா, வீடு பயந்து ஒடுங்கும். எவ்வளவு ஒடுங்குதுன்னு உயிர்நாடா சொல்லும்."

கூட்டம் "ஆஹா" என்றது. அந்த 'ஆஹா'வில் என் குரலும் இருந்தது, கொஞ்சம் பலமாகவே.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பேருந்து ஓட்டுகிறவன். முப்பத்தாறு அடி வண்டியை மார்க்கெட் சந்தில் இந்தப் பக்கம் முட்டைக்கடை, அந்தப் பக்கம் கண்ணாடிக்கடை, இரண்டுக்கும் நடுவே ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோவேன். கண்ணாலேயே அங்குலம் சொல்வேன். என் மனைவி தையல்காரி. அவள் கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, இன்ச் டேப் இருக்கும். ஆக, அளவில் ஏமாறவே கூடாத குடும்பம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் குடும்பம்தான்.

எங்களுக்கு இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. பெண்கள் இரண்டு பேர். மூன்றாவது நாலு மாதத்தில் வரப்போகிறது. இடம் போதுமா என்று நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் பேசினோம். தொட்டில் எங்கே, பெரியவள் படிக்கிற மேசை எங்கே, ஜன்னலோரம் நிற்கிற தையல் மெஷின் எங்கே? நியாயமான கவலைதான். நியாயமான கவலையாகப் பார்த்துத்தான் மோசடிக்காரன் கடை விரிக்கிறான்.

நான் போய் அளவையாரை அழைத்து வந்தேன்.

முதல் நாள் முன்னறையை அளந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "குடும்பத் தலைவன் பிடிக்கணும். பெரிய பாக்கியம்," என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரில் அழுத்திப் பிடித்தேன். மறுமுனையில் அவர் படித்தார்.

"பதிமூணு அடி."

உண்மையும் அதுதான். பிறகு ஒரு கட்டளை போட்டார். ஏழு நாளைக்கு வேறு எந்த அளவுகோலும் இந்தச் சுவரைத் தொடக்கூடாது, தொட்டால் வீடு கோபித்துக்கொள்ளும். என் மனைவியின் கழுத்தைக் காட்டி, "தாயே, அதை முதல்ல கழட்டி உள்ள வை," என்றார்.

எட்டாம் நாள் வந்தார். அதே பச்சை டேப். அதே முனை என் கையில்.

"பன்னெண்டு!"

 பேருந்துக்குப் பிரேக் பிடிக்காவிட்டால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

என் மனைவி மட்டும் அறையை மேலும் கீழும் பார்த்தாள். பெண்கள் படுக்கிற இரும்புக் கட்டிலும் துணி பீரோவும் சேர்ந்து சுவருக்குச் சுவர் இடிக்க நிற்கும். நடுவில் விரல் நுழையாது.

"ஏன் ஐயா, சுவர் ஒரு அடி உள்ள வந்திருந்தா இந்தக் கட்டில் வளைஞ்சிருக்கணுமே?"

அளவையார் சிரித்தார். "வீடு சுருங்கினா வீட்டுக்குள்ள இருக்கிற சாமானும் கூடவே சுருங்கும், தாயே."

கூட வந்திருந்த கூட்டத்துக்குப் புல்லரித்தது. எங்கள் பெரியவள் பயந்துபோய்த் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நானும் சுருங்கிட்டேனா?"

"மனுஷன் சுருங்க மாட்டான் கண்ணு. அவனுக்கு ஆத்மா இருக்கு."

இதைக் கேட்டதும் என் மனைவி, துணி வெட்டுவதற்கு முன்னால் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாளே, அப்படி ஒரு கணம் நின்றாள்.

தீர்ப்பு வந்தது. சில வீட்டுச் சுருக்கத்துக்கு வைத்தியம் உண்டாம். பேக்கரிக்காரரை மூன்று நாள் வெளியே தங்கவைத்து, மரச்சுத்தியலால் சுவரைத் தட்டிக் கூடத்தை மறுபடி பதினாறேகால் அடிக்கு விரித்துக் கொடுத்திருந்தார். நன்றாகக் கவனியுங்கள், பேக்கரிக்காரர் வாடகைக்கு இருப்பவர். எங்களுடையது சொந்த வீடு. சொந்த வீட்டுச் சுருக்கத்துக்கு மட்டும் வைத்தியமே கிடையாதாம்!

"பிள்ளை பொறக்கும்போது பத்தடியா இருக்கும். பிள்ளைக்கு ஒரு வயசாகும்போது நீங்க எல்லாரும் நின்னுக்கிட்டுதான் தூங்கணும். நாலு அறை வேணும் உங்களுக்கு. என் மச்சான் ஒரு கட்டடம் கட்டறான். இந்த வீட்டை அவனுக்கு எழுதிக் குடுத்துட்டு அங்க போயிடுங்க. அப்புறம் அந்த மெஷின். சக்கரம் சுத்துற பொருள் இடத்தைச் சுருட்டும். அது முதல்ல போகணும்."

மச்சான் கட்டுகிற கட்டடத்தை நான் போய்ப் பார்த்தேன். நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கயிறு எவ்வளவு அகலமாகக் கட்டியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து என்றேன். என் மனைவி மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வேலையில்லாம உட்கார்ந்த எட்டு மாசமும் இதுதாங்க நமக்குச் சோறு போட்டுச்சு. இதையா இடத்தைத் திங்குதுன்னு சொல்றீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளை, ஒடுங்குகிற சுவர்! "விதண்டாவாதம் பண்ணாத," என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். 'வீடு தாங்காது' என்று சொன்ன வீட்டுக்குள் அன்று நாற்பது பேர் நின்றார்கள், சுவர் ஒரு முனகல் முனகவில்லை. அதையும் யாரும் யோசிக்கவில்லை. மச்சான் பத்திரத்தோடு வந்திருந்தான். அளவையார் ஊரறியக் கடைசியாக ஒருமுறை அளந்து "பன்னெண்டேதான்" என்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் என் மனைவி. "ஐயா, மெஷின் போறதுக்கு முன்னாடி கடைசியா உங்களுக்கு ஒரு அங்கி தெச்சுக் குடுக்கணும்னு ஆசை. அளவு எடுத்துக்கட்டுமா?"

இலவச அங்கி என்றதும் அளவையார் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் தன் இன்ச் டேப்பை இடுப்பில் சுற்றி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"நாப்பத்திநாலு!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அளவையாருக்குக் காதுவரை சிவந்தது. தொப்பையை உள்ளே இழுத்தார். அது வரவில்லை.

"நாப்பத்திநாலா? எனக்கா? ஒரு வேளைதான் சாப்பிடறேன் தாயே. உன் டேப்பு தப்பு."

"இருக்கும் ஐயா, பழசு. அப்ப உங்க உயிர்நாடாவையே குடுங்களேன். அது பொய் சொல்லாதே?"

மனுஷன் ஞானத்தில் கெட்டிதான். ஆனால் இடுப்பு விஷயத்தில் நம்மைப் போலத்தான். சட்டென்று டேப்பை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சுற்றினாள். வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"மூணடி... நாலரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. ஆக நாப்பதரைக்கு ஒரு நூல் கூட."

"பாத்தியா!" என்று அளவையார் குதித்தார். "நாப்பதரை! நான் சொல்லல?"

ஆமாம், குதித்தார். கையைத் தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது. என் மனைவி ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"மனுஷன் சுருங்க மாட்டான்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? என் டேப்புல நாப்பத்திநாலு, உங்க டேப்புல நாப்பதரை. அப்ப சுருங்கினது எது?"



அவள் இரண்டு டேப்பையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். வாத்தியார் பையிலிருந்த பள்ளிக்கூட ஸ்கேல் தையல் டேப்போடுதான் ஒத்துப்போனது. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு அடி என்று உலகமே அளந்துகொண்டிருக்க, அந்தப் பச்சை டேப்பில் ஒரு அடி பதின்மூன்று அங்குலத்துக்கு நீண்டு கிடந்தது. அடியை நீட்டினால் எண்ணிக்கை குறையாதா? பதின்மூன்று அடிச் சுவர் பன்னிரண்டு என்று படிக்கும். வீடு அப்படியேதான் நின்றது. அடிதான் கொழுத்துப்போயிருந்தது.

"வீட்டு சோகத்துல... நாடா... நீண்டுபோச்சு," என்று இழுத்தார் அளவையார்.

அதற்குள் வாத்தியார் தோல் பைக்குள் கையை விட்டுவிட்டார். உள்ளே இன்னொரு பச்சை டேப் இருந்தது. அதே உறை, அதே நிறம். தையல் டேப்போடு அங்குலத்துக்கு அங்குலம் பொருந்தியது. சுவரில் வைத்தார். பதின்மூன்று அடி. முதல் நாள் வந்த டேப் அது.

"ஒரே பைக்குள்ளதானே ரெண்டும் இருந்துச்சு? இது மட்டும் ஏன் சோகப்படல?" என்றாள் என் மனைவி.

அவ்வளவுதான், அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. மருந்துக்கடைக்காரர் கட்டிலில் விழுந்து சிரித்தார். வாத்தியார் இந்தத் தடவை சிரித்து மூக்கைச் சிந்தினார். பேக்கரிக்காரர் மட்டும் பரிதாபமாகக் கேட்டார்.

"அப்ப என் வீடு விரிஞ்சது?"

"முதல்ல பெரிய அடி, அப்புறம் நிஜ அடி. விரியவே இல்லண்ணே."

"ஐயோ, விரிஞ்ச சந்தோஷத்துல தெரு முழுக்கக் கேக் குடுத்தேனே! வாடகை குடுக்கிற வீட்டை விட்டு மூணு நாள் மாவு மூட்டை மேல படுத்தேனே!"

மச்சான் எப்போது கம்பி நீட்டினான் என்று யாருக்கும் தெரியாது. பத்திரம் மட்டும் தரையில் கிடந்தது. அளவையார் வாசலை நோக்கிப் பாய்ந்தார். ஆனால் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றபோதே அவருடைய அங்கியின் இடுப்புக் கயிற்றை என் சின்னவள் கட்டில் காலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். சுருங்கிய கட்டில் அவரை விடவில்லை. அளப்பதற்குத் தெருவில் வாங்கிய காசை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, போலீஸ்காரரோடுதான் படி இறங்கினார்.

அன்று சாயங்காலம் என் மனைவி துணிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் வரைந்தாள். இங்கே தொட்டில், இங்கே மேசை. பீரோவைச் சமையல்கட்டுச் சுவருக்குத் தள்ளினால் மெஷின் அங்குலம் நகர வேண்டாம். இரண்டு வருடம் தாராளமாகப் போதும், பிறகு பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். முப்பத்தாறு அடி வண்டியைச் சந்தில் திருப்புகிற எனக்கு இது தோன்றவே இல்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எண்ணைப் படிச்சது அவரு. அந்த முனையில அங்குலம் கொழுத்திருந்ததை நான் பாத்தேன். நீங்க ரெண்டு நாளும் எந்த முனையைப் பிடிச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். பூஜ்யம் போட்ட முனை.

உங்கள் ஊரிலும் ஒருவர் டேப்போடு வருவார். வீட்டை அளக்க வருவாரோ, விதியை அளக்க வருவாரோ, எனக்குத் தெரியாது. பாக்கியம் என்று சொல்லிப் பூஜ்யத்தை உங்கள் கையில்தான் கொடுப்பார். தயவுசெய்து அதைக் கீழே போட்டுவிட்டு, எழுந்து போய் மறுமுனையில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.