முதலாளி நாற்காலியில் ஒரு மூட்டை

உலகத்தில் வெளிச்சத்தை உண்டாக்கியவர் கடவுள் என்று எல்லா மதத்தாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதைப் பரிசோதித்து, திருத்தி, தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் வழங்கும் பொறுப்பை ஏற்றது ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனியின் 'வெளிச்சக் கமிட்டி'தான். அதன் காரியதரிசி அடியேன். கம்பெனியில் ஹெட் குமாஸ்தாவும் அடியேனே.

விஷயம் இதுதான். எங்கள் முதலாளி ஜியாவுதீன் சாயபுவுக்கு சர்க்கார் 'கான் சாகிப்' பட்டம் கொடுத்தது. பட்டம் வந்தால் படம் வேண்டும் அல்லவா? வேலூரிலிருந்து போட்டோக்காரர் சம்பத் வந்தார். ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். முதலாளி மறுத்துவிட்டார்.

"ஸ்டூடியோவிலே உக்காந்தா நானும் மளிகைக் கடைக்காரனும் ஒண்ணுதான். தோல் வெட்ற கொட்டகையிலே, என் ஜனங்களுக்கு நடுவுலே எடு" என்றார். என்ன பரந்த மனசு! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். அந்தக் கொட்டகையில் வெளிச்சம் கிடையாது. அது குறை அல்ல, கொள்கை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும், தரம் கெட்டுவிடும் என்பது முதலாளியின் முடிவு. ஆகவே ஜன்னலே வைக்கவில்லை. பெண்கள் அந்த இருட்டில் உட்கார்ந்து தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டுவார்கள். அவர்களில் ரங்கம்மாள் என்பவளுக்கு மட்டும் கொள்கை புரியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து நிற்பாள்.

"அய்யா, கத்தி எங்க, வெரலு எங்கன்னு தெரியல. ஒரு வெரலு நுனி போய்ட்டுது. சின்னதா ஒரு ஜன்னலு வைங்க. மிச்சத்தையாச்சும் காப்பாத்திக்கிறேன்."

"மற்ற ஒன்பதும் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவேன். அடியேனுக்கு இளகிய மனசு.

கமிட்டி கூடியது. வெளிச்சத்தைச் சோதிக்கும்போது முதலாளியின் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பது முதல் கேள்வி. முதலாளி சும்மா வந்து உட்கார முடியாது. காவல்காரன் கோவிந்தசாமியைக் கேட்டோம். "நான் புள்ளகுட்டிக்காரன் சாமி" என்று ஓடிவிட்டான். நானே தியாகம் செய்ய முன்வந்தேன். சம்பத் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு வைக்கிற வெளிச்சம் முதலாளிக்குப் பத்தாது சார். அவரு அகலம் ஜாஸ்தி."

ஆகவே முதலாளியின் அகலத்துக்கு ஓர் ஆட்டுத்தோல் மூட்டையைக் கட்டினோம். அதற்கு அவருடைய ஷெர்வானியைப் போர்த்தி, தலையில் துருக்கித் தொப்பியை வைத்தோம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் நல்ல தோலாக ஒன்றை இழுத்துக் கட்டினோம். அசல் முதலாளிதான்! மரியாதை குறையக்கூடாதே என்று அடியேன் உத்தரவு போட்டேன்: 'சோதனை முடியும் வரை மேற்படி மூட்டையை எல்லா வகையிலும் முதலாளியாகவே பாவிக்கவும்.' கோவிந்தசாமி காலையில் வந்ததும் அதற்கு சலாம் வைத்தான். நானும் வைத்தேன்.

முதல் சோதனைக்கு சம்பத் தட்டில் மெக்னீசியம் பொடியைக் கொட்டிப் பற்ற வைத்தார். படார்! கொட்டகை முழுக்கப் புகை. படத்தில் புகையும் தொப்பியின் குஞ்சமும் மட்டும் விழுந்திருந்தன. அடுத்தது, வெள்ளை வேட்டிகளைக் கட்டி வெளிச்சத்தைத் திருப்பும் சோதனை. திருப்புவதற்கு வெளிச்சம் இல்லாததால் அதுவும் பிசுபிசுத்தது.

"வடக்குச் சுவத்தை ஒடைச்சா ஆச்சு" என்றார் சம்பத்.

ரங்கம்மாளுக்கு ஒரு செங்கல்கூட எடுக்க முடியாது என்று இத்தனை பொங்கலாகச் சொன்ன சுவரை, சாப்பாட்டு மணிக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு இடித்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் சுறுசுறுப்பு அப்படி! வெளிச்சம் உள்ளே வந்தது. பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கம்மாள் மட்டும் எழுந்து நேராக நாற்காலியிடம் போய்க் கும்பிட்டாள்.

"முதலாளி, இந்த வழிய அடைக்காம அப்படியே வுட்டுடுங்க. ஆட்சேபணை இருந்தா மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லுங்க."

மூட்டை ஒன்றும் சொல்லவில்லை; நாற்காலிக்குக் காவல் நின்ற கோவிந்தசாமி பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்தது. ரங்கம்மாள் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் அசல் முதலாளி அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில் அமர்ந்தார். படம் அமோகம். ஆனால் கொத்தனார் சுவரை அடைக்க வந்தபோது, ரங்கம்மாள் குறுக்கே நின்றாள்.

"முதலாளி சம்மதிச்சிட்டாரு. கோவிந்தசாமி சாட்சி."

கமிட்டி அவசரமாகக் கூடியது. முதலாளியே தலைமை வகித்தார். கோவிந்தசாமி, "ஆமாங்க. மூட்ட இல்லேன்னு சொல்லலீங்க" என்றான்.

"இன்னாய்யா பேஜாரு இது?" என்று முதலாளி என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். "மூட்டைக்கு வாய் இல்லை. வாய் இல்லாதவர் பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது."

"அப்ப போன வருசம் வேல நேரத்தக் கூட்டுனீங்களே" என்றாள் ரங்கம்மாள். "மணி அடிக்கிறதுக்குள்ள வாயத் தொறக்காதவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்கன்னு நீங்கதானே எழுதி ஒட்டுனீங்க? தொறந்தா வேல போய்டும்னு கம்முனு இருந்தோம். அன்னிக்கு எங்களுக்கு மட்டும் வாயி எங்க அய்யா இருந்துச்சி?"

கமிட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அந்த விதியை இயற்றியவன் அடியேன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிச்சம் பட்டா இன்னா ஆவும்னு இவளுக்குக் காட்டு. அந்த மூட்டையப் பிரி!"

பிரித்தோம். முகத்துக்குக் கட்டியிருந்த தோலை வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். துளிகூடச் சிவக்கவில்லை. முதல் தரம். முதலாளியின் தொப்பியைச் சுமந்த மரியாதையால் அது சிவக்காமல் இருந்தது. இது விதிவிலக்கு என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. சுவரை அடைத்தார்கள்.

அடைத்த இடத்திலேயே முதலாளியின் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அடியில் 'தொழிலாளர் வாழ்வில் ஒளியேற்றிய வள்ளல்' என்று பொன்னெழுத்து. ஆனால் இருட்டில் வள்ளலே தெரியவில்லை. ஆகவே படத்துக்கு முன்னால் பகலெல்லாம் எரிய ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வைத்தோம். சிறிது நேரத்தில் ரங்கம்மாள் தன் பலகையை இழுத்துக்கொண்டு வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி, விளக்கடியில் தோல் வெட்டத் தொடங்கினாள்.

"இது முதலாளிக்கு வைத்த வெளிச்சம். எழுந்திரு" என்றேன்.

ரங்கம்மாள் கத்தியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"அய்யா, அந்த மூட்டையவே திரும்பக் கொண்டாந்து உக்கார வைங்க. அதுக்காச்சும் எரக்கம் இருந்துச்சி."

அவள் அறியாமைக்காக வருந்தினேன். மூட்டை அதற்குள் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டது. எங்களிடம் மிச்சம் இருப்பது முதலாளி மட்டும்தான்.