மசக்கைக்காரியை வண்டியேற்ற வேண்டாம்

நாகல் நகர், திண்டுக்கல்
ஆவணி, 1958

தொப்பம்பட்டி மாமா வேலுசாமி அவர்களுக்கு, மருமகன் சடையாண்டி கைகட்டி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அதற்குள் உள்ளே பழனியம்மாள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டதால், பெரும்பாலும் சௌக்கியம் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வண்டி கட்டி வந்து மகளைக் கூட்டிப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வரவேண்டாம். ஆறு வருசம் கழித்துத் தங்கியிருக்கிற பிள்ளை. அந்த ரோட்டில் வண்டி குலுங்கினால் சும்மா இருக்கிறவனுக்கே குடல் வாய்க்கு வரும். நான் கவனிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் கவனித்ததால்தான் பாதி வினையே வந்தது.

பக்கத்து வீட்டு நர்கீஸ் அக்கா, எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பார்த்தால் குமட்டல் அடங்கும் என்றார்கள். கொஞ்சம் கேட்டது. கேட்டதே என்று தலையணைக்குள்ளும் பழத்தோலை வைத்தேன், எறும்பு வந்துருச்சு. "ஏனுங்க, வாந்தியத் தாங்கிக்குவேன், எறும்புக்கடி தாங்காதுங்க"ன்னு எந்திரிச்சு உட்கார்ந்துட்டா. அடுத்து இஞ்சித் தேன். துளியூண்டு போதும்னு சரக்குக் கிட்டங்கியில என்கூட வேலை பார்க்கிற மொக்கைச்சாமி சொன்னான். பிள்ளைக்கும் சேர்த்துன்னு நான் இஞ்சியைக் கூடுதலாவே தட்டிப் போட்டேன், குடிச்சவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. அப்புறம் சின்னாளப்பட்டி வைத்தியர் ஒருத்தர், மணிக்கட்டுக்கு உள்பக்கம் அமுக்கினா வாந்தி நிக்கும்னாரு. எந்நேரமும் அமுக்கிக்கிட்டே இருக்க முடியுமா, புளியங்கொட்டையை வச்சுத் துணியால கட்டிவிட்டேன். பிள்ளை வரத்துக்கு மந்திரிச்சுக் கட்டினதுன்னு நெனைச்சுத் தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் சாயங்காலம் வாசல்ல நின்னு கையை நீட்டுறாங்க. வெறும் கொட்டைதாம்மான்னா, ரகசியத்தை மறைக்கிறேன்னு கோவிச்சுக்கிட்டுப் போறாங்க.

பிறகு ஒருநாள் குடிச்ச தண்ணிகூடத் தங்கல. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா மருந்து கொடுத்துட்டு, "இஞ்சியும் எலுமிச்சையும் அளவா இருந்தா நல்லதுதான். தண்ணி தங்காட்டி மட்டும் செத்த நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது"ன்னாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி மூக்கைச் சுளிச்சாங்க.

"எங்க வேலை பார்க்கிறீங்க?"

"புகையிலைக் கிட்டங்கியிலங்க."

"வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னால குளிங்க."

பழனியம்மாளைப் பார்த்தேன். "நீங்க பக்கத்துல வந்தாத்தான் ரொம்பப் புரட்டுதுங்க. மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலீங்க" என்று தரையைப் பார்த்தாள். அத்தனை நாள் பொறுத்திருக்கிறாள், மாமா.

இப்போது கிணற்றடியில் குளித்து, சட்டையை வெளியிலேயே மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கொஞ்சங்கொஞ்சமாகக் கஞ்சி தங்குகிறது. வாந்தி காலையில் மட்டும்தான். நேற்று "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களா"ன்னு கேட்டாள். எடுத்துவரப் போனவன் அடுப்படியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்லபடியாகப் பேரப்பிள்ளை பிறக்கும். அத்தைக்கு என் வணக்கம். மாடுகளுக்கு ஓய்வு கொடுக்கவும்.

இப்படிக்கு,
இரண்டு வேளையும் குளிக்கும் மருமகன்,
சடையாண்டி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை அவசியம் வண்டியோடு வரவும். இன்று பழனியம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டாள். அந்த வாசனையில் எனக்குப் புரட்ட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. சில ஆம்பளைகளுக்கும் மசக்கை வரும் என்கிறார்கள் நர்கீஸ் அக்கா. கொஞ்ச நாளைக்கு என்னைக் கூட்டிப்போங்கள், தங்கள் மகள் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.